ஆறு மாதத்தில் பறித்த வனிலாவில் நிறம் வந்தது, மணம் ஏன் வரவில்லை?

கேள்வி: காரைக்கால் மருமகள் (பிரா பனோன், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்)

எல்லோருக்கும் வணக்கம். வனிலா வைத்திருப்பவர்களோ தாவர வேதியியல் படித்தவர்களோ இங்கே இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். விஷயம் நீளமானது, முழுவதும் சொன்னால்தான் புரியும்.

நான் காரைக்கால்காரி. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பிரா பனோனுக்கு மேலே, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி, மாமனாருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சவுக்கும் தாழையும் நட்டு, அவற்றின் மேல் வனிலாக் கொடி ஏற்றியிருக்கிறார். மாமாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. சாமி பாட்டும், தீமிதிக்கு விரதம் பிடிக்கும்போது சொல்கிற வார்த்தைகளும்தான் வரும், மற்றதெல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவுப் பேச்சு. ஆனால் கொடி வேலையை எனக்கு வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை, கையைப் பிடித்துத்தான் சொல்லிக் கொடுத்தார். எலுமிச்சை முள்ளால் பூவின் உதட்டைக் கிழித்து, நடுவில் இருக்கும் சவ்வைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலை. அன்று மதியத்துக்குள் செய்யாவிட்டால் அந்தப் பூ அவ்வளவுதான். இந்த வேலை செய்கிற பெண்களை இங்கே 'மரியேஸ்' என்பார்கள், பூவுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறவள் என்று அர்த்தம்.

2024 நவம்பரில் நானும் மாமியாரும் சேர்ந்து அந்தக் கல்யாணங்களைச் செய்தோம். எந்தக் கொடியில் எந்த வாரம் என்று தெரிய, கொத்துக்குக் கொத்து கம்பளி நூல் கட்டினேன். முதல் வாரம் சிவப்பு, இரண்டாவது வாரம் நீலம், அப்படி.

2025 பிப்ரவரி 28-ஆம் தேதி கரான்ஸ் புயல் வந்தது. எங்கள் பக்கம் அடித்த அடியில் சவுக்கில் பாதி முறிந்துவிட்டது. கொடிகள் தரையில் கிடந்தன. தூக்கிக் கட்டினோம். நிழல் போய்விட்டதால் வெயிலில் இலைகள் மஞ்சளாகின. காய் மட்டும் பெரும்பாலும் தப்பித்தது. ஏப்ரல் கடைசியில் எங்களுக்கு மேல் தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் காயை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது மாமா இதய சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் நானும் கணவரும் மாமியாரும்தான். மூன்று ராத்திரி டார்ச் விளக்கோடு காவல் இருந்தோம். நான்காவது நாள் பயம் தாங்காமல் பறித்துவிட்டோம். மே முதல் வாரம். காய் நல்ல நீளம், விரல் தடிமன், பார்த்தால் குறை சொல்ல முடியாது. 41 கிலோ வந்தது.

மாமா செய்கிற மாதிரியே செய்தோம். 63 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம், தண்ணீரை வடித்து, சூடு ஆறுவதற்குள் கம்பளி விரித்த மரப்பெட்டியில் அடுக்கி, மூடி, மறுநாள் வரை விட்டோம். காலையில் திறந்தால் எல்லாம் சாக்லேட் நிறம்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாமா, "சரி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பகலில் சில மணி நேரம் வெயில், பிறகு கம்பளி என்று தினமும். பிறகு நிழலில் தட்டுகளில் பரப்பினோம்.

ஆகஸ்ட் வந்தது. 41 கிலோ, 6 கிலோவுக்கும் குறைவாகிவிட்டது. காய் ஒல்லியாக, குச்சி போல. விரலில் சுற்றினால் ஒடிகிறது. மூக்கில் வைத்தால் காய்ந்த வைக்கோல் வாசனை, அதற்குப் பின்னால் எங்கேயோ வனிலா. ஒரு தட்டில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். தாழை மடலுக்குப் பின்னால் ஒரு கொத்தைப் பறிக்காமல் விட்டிருக்கிறோம். பன்னிரண்டு காய். ஜூலை கடைசியில், நுனி மஞ்சளாகி நிற்கும்போது மாமியார் கண்ணில் பட்டது. அதில் நீல நூல் கட்டியிருந்தது. மே மாதம் பறித்ததிலும் அதே கொடியின் நீல நூல் காய்கள் உண்டு. அந்தப் பன்னிரண்டையும் அதே பானையில், அதே சூட்டில், அதே கம்பளியில் போட்டோம். இப்போது அலமாரியைத் திறந்தாலே கூடம் வரை மணக்கிறது. காய் எண்ணெய் பூசியது போல மினுங்குகிறது.

மாமா வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கையில் எடுத்தார். ஒன்றை மோந்து பார்த்துக் கீழே வைத்தார். இன்னொன்றை மோந்தார், வைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கேள்விகள். காய் இரண்டு மாதத்திலேயே முழு நீளம் வந்துவிடுகிறதே, அதற்கு மேல் ஏழு மாதம் கொடியில் தொங்கி என்ன செய்கிறது? நிறம் இவ்வளவு அழகாக வந்தும் மணம் ஏன் வரவில்லை? ஒரே கொடி, ஒரே வாரப் பூ, இரண்டு விதமான காய். எப்படி?

பதில் 1: தெற்குப்பக்க ஆய்வகம் (சேன் பியேர்)

அக்கா, நான் புதுச்சேரி. இங்கே தெற்கில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சில வருடம் வனிலாக் காயைக் கழுவி, நறுக்கி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, பொடியாக்கி அளக்கிற வேலையே செய்தேன். உங்கள் நீல நூல் கொத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. நாங்கள் பணம் செலவழித்து ஏற்பாடு செய்கிற சோதனையை நீங்கள் தற்செயலாகச் செய்திருக்கிறீர்கள்.

கொடி ஒன்றுதான், மரபணுவும் ஒன்றுதான். சொல்லப்போனால் இந்தத் தீவில் இருக்கிற வனிலா பெரும்பாலும் தண்டு வெட்டி நட்டு நட்டுப் பெருகியது, உங்கள் கொடிக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கொடிக்கும் கூடப் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. வீட்டில் பத்து அடுப்பு இருந்தாலும் எது எப்போது எரிகிறது என்பதில்தானே சமையல் இருக்கிறது. காய்க்குள் மாதத்துக்கு மாதம் எரிகிற அடுப்புகள் மாறுகின்றன.

முதல் ஆறு, எட்டு வாரம் காய் உடம்பு வளர்க்கிறது. நீளம், தடிமன், பச்சை. நீங்கள் கண்ணால் பார்க்கிற வளர்ச்சி அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. மணத்துக்கான சரக்கு அப்போது அனேகமாக இல்லை. இந்தத் தீவுக் காய்களை வைத்தே 2009-இல் ஓர் ஆய்வு வந்தது, மூன்று மாதக் காயிலிருந்து எட்டு மாதக் காய் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தார்கள். இளங்காயில் குளுக்கோஸும் மாலிக் அமிலமும் அதிகம். முற்றிய காயில் சுக்ரோஸும் குளுக்கோவனிலினும் அதிகம். இந்தக் குளுக்கோவனிலின்தான் நம் கதாநாயகன். வனிலா மணம் தருகிற வனிலினோடு ஒரு குளுக்கோஸ் பூட்டப்பட்ட பொருள் அது.

அது எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். ஃபினைல் அலனின் என்று ஓர் அமினோ அமிலம், நாம் சாப்பிடுகிற பருப்பில் கூட இருப்பது. ஒரு நொதி அதிலிருந்து அமோனியாவைக் கழற்றி சின்னமிக் அமிலம் ஆக்குகிறது. அடுத்த நொதி ஒரு ஹைட்ராக்சில் சேர்க்கிறது. பிறகு வால் பக்கம் இரண்டு கார்பனை வெட்ட வேண்டும், வளையத்தில் இன்னொரு ஹைட்ராக்சில் சேர்க்க வேண்டும், அதன் மேல் ஒரு மெத்தில் குழுவை வைக்க வேண்டும். கடைசியில் ஒரு குளுக்கோஸைப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. எந்தப் படி முதலில் என்பதில் சண்டை நடக்கிறது. 2014-இல் கோபன்ஹேகன் குழு ஒன்று, ஏற்கனவே மெத்தில் ஏறிய, வால் வெட்டப்படாத ஃபெருலிக் அமிலத்தை நேராக வனிலினாக மாற்றும் ஒரே நொதியைக் கண்டோம் என்று எழுதியது. 2017-இல் வேறொரு குழு, அதே புரதம் வனிலினுக்கு அல்ல, அதற்கு முந்தைய ஹைட்ராக்சி பென்சால்டிஹைடுக்குத்தான் வழி செய்கிறது என்று எழுதியது. வாலை முதலில் வெட்டுகிறதா, மெத்திலை முதலில் வைக்கிறதா என்பதுதான் வழக்கு. எனக்கு இரண்டாவது கட்சி மேல் சாய்வு உண்டு, ஏனென்றால் காயை அளக்கும்போது ஹைட்ராக்சி பென்சால்டிஹைடு வனிலினோடு கூடவே வந்துகொண்டே இருக்கும்.

இது காய் முழுவதும் நடப்பதில்லை. முற்றிய பச்சைக் காய் ஒன்றைக் குறுக்காக நறுக்கிப் பாருங்கள். மூன்று மூலை தெரியும். நடுவில் குழி, அதில் விதை. விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையும், அதன் இடையிடையே பட்டு போல நுண்மயிரும் இருக்கும். சரக்கு பெரும்பாலும் அந்த வெள்ளைச் சதையில்தான். அங்கே இருக்கிற பசுங்கணிகம், அதாவது பச்சையம் வைத்திருக்கிற நுண்பை, முற்ற முற்ற வேறு வேலைக்கு மாறி இந்தப் பொருளைச் சேர்த்து வைக்கிற கிடங்காகிவிடுகிறது. இதை 2014-இல் மொன்பெலியே ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பச்சையம் வைத்திருந்த ஒரு பை மணத்துக்குக் குதிர் ஆகிவிடுகிறது பாருங்கள்.

விதையும் இதே மூலப்பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறது. வனிலா விதையின் கறுப்புத் தோலில் ஒரு விசித்திரமான லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தருகிற பொருளின் ஒரு வகை, இருப்பதை 2012-இல் கண்டார்கள். சாதாரண மரத்தின் லிக்னினில் மெத்தில் குழு ஏறியிருக்கும், இதுவோ மெத்தில் ஏறாத காஃபேயில் ஆல்கஹால் மட்டும் கோத்த சங்கிலி. அதாவது ஒரே காய்க்குள், விரற்கடை தூரத்தில், ஒரு பக்கம் மெத்தில் வைத்து வனிலின், மறுபக்கம் மெத்தில் வைக்காமல் விதைத்தோல். பிறகு காயின் சதை, மயிர், விதை என்று தனித்தனியாகப் பிரித்து எந்த மரபணு எங்கே எப்போது படிக்கப்படுகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 2020-இல் இந்த இனத்தின் மரபணுத்தொகையும் ஃபுளோரிடாவிலிருந்து வெளிவந்தது. வனிலாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, செல் பெரிதாகும்போது தன் மரபணுத்தொகையில் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப நகல் எடுக்கும். அதனாலேயே அதைப் படித்து முடிப்பது பெரும்பாடாக இருந்தது.

சரி, உங்கள் மே மாதக் காய்க்கு வருகிறேன். நவம்பர் நடுவிலிருந்து மே முதல் வாரம் என்றால் ஆறு மாதத்துக்கும் குறைவு. கிடங்கு நிரம்பிக்கொண்டிருந்த நேரம், இன்னும் நிரம்பவில்லை. அதில் நிழல் போய், இலை கருகி, கொடியே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபட்ட வருடம். பாதிக் கிடங்கோடு நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

அடுத்தது நிறம். நீங்கள் ஏமாந்த இடம் இதுதான், அனுபவசாலிகளும் ஏமாறுகிற இடம். குளுக்கோவனிலினுக்கு வாசனையே கிடையாது. அதனால்தான் பச்சைக் காயை அறுத்தால் வனிலா மணப்பதில்லை. குளுக்கோஸ் என்கிற பூட்டை உடைக்க பீட்டா குளுக்கோசிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. காய் உயிரோடு இருக்கும்வரை நொதி ஓர் அறை, சரக்கு வேறு அறை. வெந்நீர் அந்தச் சுவர்களைக் கலைக்கிறது. கம்பளிச் சூட்டில் இரண்டும் கலந்து பூட்டு உடைகிறது. ஆனால் அதே சுவர் கலையும்போது வேறு நொதிகளும், ஃபீனால்களை ஆக்சிஜனோடு சேர்த்துக் கறுக்க வைப்பவை, வேலையைத் தொடங்குகின்றன. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அந்த ஜாதி. அதற்கு முற்றிய காய் வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிஞ்சும் அழகாகப் பழுப்பாகும். நிறத்துக்கும் மணத்துக்கும் ஒரே கம்பளி, ஆனால் வேறு வேறு வேலைக்காரர்கள்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லி முடிக்கிறேன். குளுக்கோவனிலின் 314 கிராம் உடைந்தால் வனிலின் 152 கிராம்தான் வரும், மீதி சர்க்கரை. அதிலும் உலர்த்தும்போது ஆவியாகிப் போவது கொஞ்சம் இல்லை. இவ்வளவு போக, நன்றாக முற்றிப் பதமான காயில் எடைக்கு 2 சதவீதம் வனிலின் நின்றால் அது நல்ல காய். பச்சையில் கிடங்கு நிரம்பியிருந்தால்தான் அந்த 2-ஐத் தொட முடியும்.

பதில் 2: எரிமலைப் பக்கம் (சேன் ஃபிலிப்)

தங்கச்சி, தம்பி சொன்ன வேதியியல் எனக்கு முழுசாக ஏறவில்லை, ஆனால் ஒன்றும் தப்பாகப் படவில்லை. நான் முப்பது வருடமாகக் காட்டுக்குள் கொடி வைத்திருக்கிறேன், எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய மண்ணில். கைவேலைப் பக்கம் சொல்கிறேன்.

எட்டரை, ஒன்பது மாதம் என்பது எண்ணிக்கைக்காகச் சொல்வது. மலைப்பக்கம் குளிர்ந்தால் இன்னும் தள்ளும். பார்க்க வேண்டியது நுனி. காம்புப் பக்கம் பார்க்காதே, பூ இருந்த பக்கம் பார். அந்தப் பச்சை முதலில் பளபளப்பை இழக்கும், அப்புறம் வெளிறும், அப்புறம் அரிசி நீளத்துக்கு மஞ்சள் விழும். அரிசி நீளம் போதும், அன்றைக்கு அறு. அரை விரல் மஞ்சள் வரட்டும் என்று ஆசைப்பட்டால் காய் நுனியில் பிளந்துவிடும். பிளந்த காய்க்கு மணம் குறைவதில்லை, விலைதான் குறையும்.

ஒரு கொத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. கொத்தோடு அறுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. முற்றும் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை கூடையோடு நடக்க வேண்டும், ஒவ்வொரு காயாக. கால் வலிக்கும்தான்.

ஒரு கொத்துக்குப் பத்துப் பூவுக்கு மேல் கல்யாணம் செய்யாதே. கீழ்ப்பக்கம் தொங்குகிற பூவாகத் தேர்ந்தெடு, காய் நேராக வளரும். புயலடித்த கொடிக்கு அடுத்த வருடம் பாதியாவது குறைத்துவிடு. கொடி பிழைத்தால்தானே காய்.

திருட்டுக்கு நாங்கள் செய்வது குறி குத்துவது. குண்டூசி நாலைந்தைக் கார்க்கில் செருகி, நம் எழுத்து வருகிற மாதிரி, காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் ஒரு குத்து. அந்தப் புள்ளிகள் தழும்பாகி, பதப்படுத்திக் கறுத்த பிறகும் நிற்கும். திருடனைப் பிடிக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவன் யோசிப்பான்.

மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்று எழுதியிருந்தாயே. எனக்கு என் குருவின் ஞாபகம் வந்தது. அவரும் நல்ல காயைத் தட்டில் வைக்க மாட்டார்.

இன்னொன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீ முள்ளால் சவ்வைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்துகிறாயே, அந்த அசைவை 1841-இல் சேந்த் சுசானில் எட்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைப் பையன் கண்டுபிடித்தான். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட கொடி இருபது வருடமாக இங்கே பூத்தும் காய்க்காமல் நின்றது. அவன் விரலால்தான் காய்த்தது. உலகம் முழுக்க இன்றும் அதே அசைவுதான். அந்தப் பையன் 1880-இல் ஏழையாகவே செத்தான். உன் தோட்டத்திலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போய் வருகிற தூரம்.

பதில் 3: காரைக்கால் மருமகள்

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆய்வகத் தம்பி எழுதியதைக் கணவருக்கு வாசித்து, அவர் அதைக் கிரியோலில் மாமாவுக்குச் சொன்னார். வாசனை இல்லாத சரக்கு, சர்க்கரைப் பூட்டு என்று சொன்னதும் மாமா தலையை ஆட்டி, பச்சைக் காயைக் கடித்தால் நாக்கில் காரம்தான் இருக்கும், வாசம் இருக்காது, அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும் என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஊரில் மாங்காயை அரைகுறையாகப் பறித்தாலும் வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிறோமே. அப்படி வனிலாவைப் பறித்த பிறகு, வெந்நீரில் போடும் முன், நாலு நாள் மூடி வைத்திருந்தால் கிடங்கு நிரம்பியிருக்குமா? அடுத்தது, இப்போது கையில் இருக்கும் இந்த 6 கிலோவை மறுபடியும் கம்பளியில் வேர்க்க வைத்தால் மணம் ஏறுமா?

பதில் 4: தெற்குப்பக்க ஆய்வகம்

அக்கா, மாங்காய் உவமை அருமை, ஆனால் அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. பறிக்கும்போதே மாங்காய்க்குள் மாவு நிறைந்திருக்கும். வைக்கோலில் எத்திலீன் வாயு தங்கி, அந்த மாவு சர்க்கரையாகிறது. சரக்கு உள்ளே இருக்கிறது, உருவம் மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் அரைகுறை மாங்காயும் பிழைத்துக்கொள்கிறது. வனிலாக் காயிலும் எத்திலீன் தோலின் பச்சையைப் போக்கும், நுனி மஞ்சளாகும், ஏன், காய் பிளக்கவும் செய்யும். ஆனால் கொடியிலிருந்து வருகிற வரத்து காம்பை அறுத்த அன்றே நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் நிரம்ப வேண்டிய கிடங்கு நாலு நாளில் நிரம்பாது. மஞ்சள் வந்துவிடும், அதைப் பார்த்து நாம் இன்னொரு முறை ஏமாறுவோம்.

திரும்ப வேர்க்க வைப்பதிலும் பயனில்லை. பூட்டை உடைக்க நொதி வேண்டும், ஈரம் வேண்டும். உலர்ந்த காயில் இரண்டும் இல்லை. அதைவிட, உடைக்கப் பூட்டே மிச்சமில்லை. இருந்தது உடைந்து வந்துவிட்டது, வந்தது அவ்வளவுதான். மறுபடி ஈரப்படுத்தினால் பூஞ்சணத்துக்குத்தான் விருந்து.

பூஞ்சணம் பிடித்த தட்டை அப்படியே எறிந்துவிடுங்கள். துடைத்து, வெயிலில் காட்டி, நல்லதோடு கலக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பக்கத்துக் காய்க்கும் ஏறும். மற்றதை நீளவாக்கில் கீறி ரம்மில் ஊறப் போடுங்கள், இந்த ஊரில் ரம் ஊறல் போடாத வீடு உண்டா. சாதாரணமாகப் போடுகிற காயைப் போல இரண்டு மூன்று மடங்கு போட்டு, ஆறு மாதமாவது தொடாமல் வையுங்கள். இருக்கிற கொஞ்ச வனிலினும் சாராயத்தில் இறங்கிவிடும். அல்லது சர்க்கரை டப்பாவில் புதைத்து வையுங்கள். காயாக விற்க மட்டும் நினைக்க வேண்டாம்.

அந்தப் பன்னிரண்டை மெழுகுக் காகிதம் விரித்த பெட்டியில் தனியாக வைத்து மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். சில மாதம் கழித்துக் காயின் மேல் வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிந்தால் பூஞ்சணம் என்று பயந்து எறிந்துவிடாதீர்கள். சாய்த்துப் பார்த்தால் மின்னும். வனிலின் படிகம் அது. பூஞ்சணம் மின்னாது, பஞ்சு போல இருக்கும்.

பதில் 5: மொரீஷியஸ் பலகாரக்கடை (ரோஸ் ஹில்)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் மொரீஷியஸில் கேக்கும் பலகாரமும் செய்கிறேன். கடையில் பாட்டிலில் வருகிற எசென்ஸிலும் வனிலின்தானே இருக்கிறது? 1874-இலிருந்தே தொழிற்சாலையில் செய்கிறார்கள். பிறகு எதற்கு இந்த ஒன்பது மாதப் பாடு என்று என் மகன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியும், ஆனால் நாக்கில்தான் தெரியும், வாயால் சொல்ல வரவில்லை. பால் பாயசத்தில் எசென்ஸ் விட்டால் முதல் கரண்டியில் மட்டும் மணக்கிறது. காயைக் கீறி விதையைச் சுரண்டிப் போட்டால் ஆறின பிறகும், மறுநாளும் இருக்கிறது.

பதில் 6: தெற்குப்பக்க ஆய்வகம்

உங்கள் நாக்கு சரியாகவே சொல்கிறது. மூலக்கூறு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பதமான காயில் வனிலினோடு வனிலிக் அமிலம், ஹைட்ராக்சி பென்சால்டிஹைடு, ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலம் இருக்கும், அதற்கு மேல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் மிகச் சிறிய அளவில். அவற்றில் பல, காய் பெட்டியில் தூங்குகிற மாதங்களில் மெல்ல மெல்லப் பிறப்பவை. விதையைச் சூழ்ந்த எண்ணெயும் மணத்தைப் பிடித்து வைக்கிறது. உங்கள் பாயசத்தில் மறுநாள் மிச்சம் இருப்பது அந்தக் கூட்டம்.

பதில் 7: காரைக்கால் மருமகள்

இது கடைசி, பூக்காலம் தொடங்கிவிட்டதால் காலையில் உட்கார நேரமில்லை.

பூஞ்சணத் தட்டை எரித்துவிட்டோம். மிச்சத்தைக் கீறி ரம்மில் போட்டாயிற்று. கீறும்போது கவனித்தேன், மே மாதக் காய்க்குள் விதை தூசி போல உலர்ந்து கொட்டுகிறது. ஜூலைக் காயில் ஒன்றைக் கீறினேன், கத்தி நுனியில் கறுப்பு மை போல ஒட்டிக்கொண்டு இழுத்தது. விரலைக் கழுவிய பிறகும் ராத்திரி சாப்பிடும்போது ரசத்தில் வனிலா வாசம் வந்தது.

பிழைத்த கொடிகளில் கொத்துக்கு ஆறு பூவுக்கு மேல் தொடவில்லை. எரிமலைப் பக்கத்து அண்ணன் பத்து என்றார், மாமா ஆறு என்றார், ஆறிலேயே நிறுத்திவிட்டோம். மற்ற பூக்கள் மதியத்தில் வாடி உதிர்வதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, இருந்தாலும் விட்டுவிட்டேன். நிழலுக்கு வலை கட்டியிருக்கிறோம், புதுச் சவுக்கு இடுப்பளவு வந்துவிட்டது.

இந்த முறை நூலோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை, நாலு வாரம் நாலு நிறம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எட்டரை மாதம் கழித்து வரும் தேதியைக் கணவர் எழுதினார். மாமாவுக்கு மலையேற டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கார்க்கில் குண்டூசி செருகிக்கொண்டிருக்கிறார், எங்கள் குறிக்கு. என்ன எழுத்து வைக்கலாம் என்று கேட்டேன். தமிழில் 'ம' எழுதிக் காட்டச் சொன்னார், அவர் அப்பாவின் பெயர் அதில்தான் தொடங்குமாம். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வளைவுக்கு ஊசி போதவில்லை, இன்னும் நாலு ஊசி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.